மலைப்பிள்ளையின் சொந்த வாக்கியம்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை ஐந்து ஆண்டுகளில் கை வலிக்க எழுதுகிறது. சிலேட்டில் அகரவரிசை, இரட்டைக்கோடு நோட்டில் கையெழுத்துப் பயிற்சி, பலகையைப் பார்த்து வினா விடை, ‘சொல்வதை எழுதுதல்’, தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுதுவது, நான்காம் வகுப்பு வந்ததும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அடிக்கோடு போட்ட கட்டுரை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மூட்டை நோட்டு தேறும். அந்த மூட்டையைப் பிரித்து, பிள்ளை தானாக யோசித்து எழுதிய வாக்கியம் எது என்று தேடினால் ஒரு பக்கம் நிறைவதே கடினம்.

‘நான் கண்ட பொருட்காட்சி’ என்ற கட்டுரை முப்பது நோட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ராட்டினமும் டெல்லி அப்பளமும் எல்லா நோட்டிலும் ஒரே இடத்தில் வரும். பொருட்காட்சியைக் கண்ணால் பார்க்காத பிள்ளையும் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடும். இது மாநிலம் முழுக்க உள்ள கோளாறு. கல்வராயன் மலைமேல் ஏறிப் பார்த்தால் அது இன்னும் பளிச்செனத் தெரியும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறினால் கரியாலூர், அதைத் தாண்டி வெள்ளிமலை. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் அது. மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். சாமை, தினை, மரவள்ளி, காட்டில் கடுக்காய் என்று போகிறது பிழைப்பு. 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு என்ற ஒன்றும் அதன் பள்ளிக்கூடமும் நேரடியாக வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான் என்றே சொல்லலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு; பழங்குடியினரிடையே 54 விழுக்காடு. ஆகவே இன்று வெள்ளிமலையில் ஒன்றாம் வகுப்பில் உட்காரும் பல பிள்ளைகளின் வீட்டில், கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எதையும் எழுதிய ஆள் தாத்தா பாட்டி தலைமுறையில் இருக்க வாய்ப்பு குறைவு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பின், கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவமனை, பேருந்து, வீடு எல்லாம் பேச்சுக்கு வந்தன. பள்ளி என்று வரும்போது கட்டடமும் ஆசிரியர் பணியிடமும் பேசப்படுவது வழக்கம். அவை வேண்டியவைதான். வகுப்புக்குள் பிள்ளை என்ன எழுதுகிறது என்ற கேள்விக்கு நீதிமன்றமும் செய்தித்தாளும் போக முடியாது. அது ஆசிரியர்களும் கல்வித் துறையும் கேட்க வேண்டிய கேள்வி.

எழுதக் கற்பிப்பதில் தமிழ்நாடு உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறையும் மணல் எழுத்தும் சேர்ந்த அந்த ஏற்பாடு 1797-இல் லண்டனில் நூலாக வந்தது. ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. காகிதமும் மையும் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதக் கற்றார்கள்.

ஆனால் அதே திண்ணைப் பள்ளிகளைப் பற்றி இன்னொரு பதிவும் இருக்கிறது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823-இல் விரிவான அறிக்கை அனுப்பினார். மணலில் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதையும் மெச்சிய அவர், பொருள் தெரியாத செய்யுள்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள் என்று குறைப்பட்டார். அந்த அறிக்கைக்கு இருநூறு வயது ஆகிவிட்டது. செய்யுளின் இடத்தில் இன்று உரைநூல் கட்டுரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

எழுத்து வடிவத்தைக் கற்பதே ஒரு பெரிய வேலை என்பதை மறுக்க முடியாது. 247 எழுத்து என்று நீட்டி முழக்கிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் குறியீடுகளும் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். எங்கே இடறுகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ‘கெ’ என்று சொல்லும்போது பிள்ளையின் காதில் முதலில் விழுவது ககர ஒலி, அப்புறம் எகரம். கையோ முதலில் ஒற்றைக்கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ககரத்துக்கு வர வேண்டும். ‘கொடி’ என்றால் ககரத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. காதின் வரிசையிலேயே எழுதுகிற பிள்ளை கொம்பை விட்டுவிட்டுக் ‘காடி’ என்று எழுதும். அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. அந்தப் பிள்ளை ஒலியைக் கூர்ந்து கேட்டிருக்கிறது, வரிசைதான் இன்னும் பழகவில்லை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதால், துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ முதலிய வடிவங்களின் சுமை இன்றைய பிள்ளைக்கு இல்லை. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய மாற்றம் அது. எழுத்து எளிதானதால் எத்தனையோ கோடிப் பிள்ளைகளின் கை இளைப்பாறியிருக்கிறது.

கையெழுத்துப் பயிற்சியும் வீண் அல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா பெர்னிங்கரும் ஸ்டீவ் கிரஹாமும் 1990களிலிருந்து செய்த ஆய்வுகள், எழுத்து வடிவம் தடையில்லாமல் வரும் பிள்ளைக்குக் கருத்தைப் பற்றி யோசிக்க மனம் மிச்சமிருக்கிறது என்று காட்டின. ஒவ்வொரு எழுத்துக்கும் திண்டாடுகிற பிள்ளையால் அடுத்த வாக்கியத்தைப் பற்றி எண்ண முடியாது. தினமும் கொஞ்ச நேரம் கைப்பழக்கம் வேண்டும். நம் பள்ளிகளில் சிக்கல் என்னவென்றால், அந்தக் கொஞ்ச நேரம் முழு நேரத்தையும் விழுங்கிவிடுகிறது.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தொட்டுக் காட்டினார். பள்ளிகள் எழுத்தை வரையக் கற்றுத்தருகின்றன, எழுத்து மொழியைக் கற்றுத்தருவதில்லை என்பது அவருடைய குறை. குழந்தையின் சைகை, விளையாட்டு, படம் வரைதல் எல்லாமே எழுத்துக்குப் போகும் பாதையின் படிகள் என்றார் அவர். குச்சியைக் குதிரை என்று வைத்து விளையாடுகிற பிள்ளை, ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. மண் தரையில் ஆட்டையும் மரத்தையும் கீறுகிற மலைப்பிள்ளையிடம் அந்தப் பாதி வேலை முடிந்துபோயிருக்கிறது. பள்ளி அதைக் கண்டுகொள்ளாமல் அகரத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டில் நடந்த பெரிய முயற்சிகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டை முறையைத் தழுவியது; 2007-08 வாக்கில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அந்த முறையில் எழுதுவதற்குக் கிடைத்த பெரிய கொடை, சுவரைச் சுற்றிப் பிள்ளையின் உயரத்தில் அடித்த கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். அதுவரை ஆசிரியரின் சொத்தாக இருந்த பலகையும் சாக்பீஸும் பிள்ளையின் கைக்கு வந்தன. எழுதி அழிக்கலாம், மறுபடி எழுதலாம், பக்கத்துப் பிள்ளை எழுதியதைப் படிக்கலாம். பாட அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்து ஏறும் ‘ஏணி’ எவ்வளவோ விமர்சிக்கப்பட்டது. ஏணியில் அடுத்த படிக்கு ஓடுவதே குறியானது என்ற புகாரில் உண்மை உண்டு. அந்தத் தாழ்ந்த பலகையை மட்டும் எந்த மாற்றம் வந்தாலும் விட்டுவிடக் கூடாது.

கொரோனா ஊரடங்கு பள்ளிகளை மூடிய பின் வந்தது ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூனில் தொடங்கிய இந்தத் திட்டம் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் அடைய வேண்டும் என்று 2025-ஐ இலக்காகக் குறித்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பித்தார்கள். வகுப்பறையில் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம் என்று இடம் ஒதுக்கினார்கள். தேவை இருந்தது. ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வின்படி 2022-இல் தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் கீழே. 2024-இல் அது 12 விழுக்காடு அளவுக்கு ஏறியது.

இந்த எண்கள் வாசிப்பைச் சொல்கின்றன. அசர் பிள்ளையைப் படிக்கச் சொல்கிறது, கணக்குப் போடச் சொல்கிறது. தேசிய அடைவுத் தேர்வு நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒரு பிள்ளை தன் மனதில் இருப்பதை நான்கு வரியில் எழுத முடியுமா என்பதை இவை எவையும் கேட்பதில்லை. கணக்கெடுக்கப்படாத ஒன்றுக்கு நேரம் ஒதுக்க எந்த ஆசிரியருக்கும் மேலிருந்து அழுத்தம் வராது. எழுதுதல் நழுவிப்போனதற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்த காரணம் நாம் தினமும் பேசுகிற தமிழிலேயே இருக்கிறது. வீட்டில் ‘வந்துச்சு’, நோட்டில் ‘வந்தது’. வீட்டில் ‘எங்கம்மா சொன்னாங்க’, நோட்டில் ‘என் தாய் கூறினார்’. எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தத் தாண்டல் உண்டு. வீட்டில் செய்தித்தாளும் தொலைக்காட்சிச் செய்தியும் உள்ள பிள்ளைக்கு அது சின்ன வாய்க்கால். புத்தகமே இல்லாத மலைவீட்டுப் பிள்ளைக்கு அது அகலமாகிவிடுகிறது. ஒடிசா 2007 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. அங்கே மொழி வேறு என்பது வெளிப்படை. கல்வராயன் மலையில் பேசுவது தமிழே என்பதால், மொழிச் சிக்கல் என ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளை வாயைத் திறந்தவுடன் “அப்படிச் சொல்லக் கூடாது” என்று திருத்துகிறோம். ஓராண்டு இப்படித் திருத்தினால் பிள்ளை பேசாது. பேசாத பிள்ளை எழுதாது.

பேச்சுத் தமிழுக்கு எழுத்தில் இடமில்லை என்று சொல்ல நமக்குத் தகுதியில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சைக் கதையாக்கி, அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்து, 1991-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். பெரியவர்களின் இலக்கியத்தில் கொண்டாடுவதை ஏழு வயதுப் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கிறோம். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழை வகுப்புக்குள் முறையாகக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. பிள்ளைகள் தமிழையே கைவிட்டுவிடுவார்களோ என்ற கவலை அங்கே இருந்தது. இங்கே அந்தக் கவலை இல்லாததால் பிள்ளையின் பேச்சு இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

வெள்ளிமலைக்கு மிக நெருக்கமான பாடம் இத்தாலியிலிருந்து வருகிறது. பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே பார்பியானா என்ற மலைச் சிற்றூரில் லோரென்சோ மிலானி என்ற பாதிரியார், அரசுப் பள்ளி பெயிலாக்கி அனுப்பிய குடியானவர் வீட்டுப் பையன்களுக்குப் பள்ளி நடத்தினார். 1967-இல் அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தள்ளிவிட்ட ஆசிரியருக்குக் கடிதமாக ஒரு புத்தகமே எழுதினார்கள். எழுதிய முறைதான் முக்கியம். ஒவ்வொருவரும் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். தோன்றியதை அப்போதே குறிப்பார்கள். ஒரு நாள் எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பி, ஒரே விஷயத்தைச் சொல்லும் சீட்டுகளை ஒன்றாக அடுக்குவார்கள். வேண்டாதது விழும். பிறகு வரி வரியாகப் படித்து, நீளமான சொல்லைச் சுருக்கி, புரியாததைத் தெளிவாக்குவார்கள். எழுத்து என்பது வரம் பெற்றவர்களின் திறமை என்ற எண்ணத்தை அந்த மலைப் பையன்கள் உடைத்தார்கள்.

பிரான்சில் செலஸ்தின் பிரெனே 1920களில் தன் கிராமப் பள்ளியில் ஒரு சின்ன அச்சுப்பொறியை வைத்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே அச்சுக் கோத்து, தொலைதூரக் கடற்பகுதிப் பள்ளிக்கு அனுப்பி, அங்கிருந்து வந்ததைப் படித்தார்கள். நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் மாவோரிக் குழந்தைகளிடம் ஒவ்வொரு நாளும் “உனக்கு இன்று எந்தச் சொல் வேண்டும்?” என்ற வகையில் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். பயமும் அன்பும் கலந்த சொற்களைப் பிள்ளை ஒரே பார்வையில் கற்றது. நம் பக்கத்தில் ச. மாடசாமி போன்றவர்கள் அறிவொளி எழுத்தறிவு இயக்க அனுபவத்திலிருந்து வகுப்பறை உரையாடலைப் பற்றி எழுதியவையும் இதே திசையில் போகின்றன: முதலில் பிள்ளைக்குப் பேச இடம் கொடுங்கள்.

இதை மலைப்பள்ளியில் எப்படிச் செய்வது? இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காலையில் வந்து, “எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு செத்துப்போச்சு. எங்காயா அழுதுச்சு” என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அந்த மூன்று வரியையும் சொன்னபடியே பலகையில் எழுத வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. பிள்ளை தன் வாய்ச்சொல் பலகையில் நிற்பதைப் பார்க்கிறது; படிக்கத் தெரியாவிட்டாலும் அது என்ன என்று தெரியும், அதனால் படித்துவிடுகிறது. மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். ராத்திரியா, பகலா? செத்த குட்டியை என்ன செய்தீர்கள்? பதில் ஒவ்வொன்றும் ஒரு புது வரி. மறுநாள் பிள்ளை அதைத் தன் நோட்டில் எழுதிப் படம் போடும். ‘போட்டுச்சு’ என்பது புத்தகத்தில் ‘போட்டது’ என்று வரும் என்பதை மூன்றாம் வகுப்பில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதத் தேவையில்லை.

திருத்துவதைப் பற்றியும் தெளிவு வேண்டும். ற, ர, ல, ள, ழ, ந, ன, ண என்று ஒரே பக்கத்தில் பத்துப் பிழை இருந்தால் பத்தையும் வட்டமிடும் வழக்கத்தால் யாரும் பிழையின்றி எழுதக் கற்றதாகத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு பிழை எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் புள்ளி விடாமல் வைப்பது, அடுத்த வாரம் கொம்பு. எழுதியதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு எழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆட்டுக்குட்டி செத்த செய்திக்கு முதல் பதில் சந்திப்பிழையாக இருக்கக் கூடாது.

எழுத்துக்குப் படிக்கிற ஆள் வேண்டும். ஆசிரியர் ஒருவர்தான் வாசகர், அவரும் மதிப்பெண் போடத்தான் படிப்பார் என்றால் எந்தப் பிள்ளைக்கும் எழுத மனம் வராது. பள்ளிக் கல்வித் துறை 2022-இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’ இதழில் பிள்ளைகளின் ஆக்கங்கள் வருகின்றன. ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. நல்ல வேலைகள். ஆனால் மாநில இதழில் இடம் கிடைப்பது சிலருக்கே. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டு. தமிழ் எழுத்தாளர்களில் எத்தனையோ பேர் கையெழுத்துப் பத்திரிகையில் தொடங்கியவர்கள்தான். சாமை அறுப்பு, கடுக்காய் பொறுக்குவது, கரியராமர் கோயில் திருவிழா, மழைக்காலத்தில் பாதை அறுந்துபோவது என்று வெள்ளிமலைப் பிள்ளை எழுதி, கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பள்ளிக்கு அனுப்பட்டும். கடல் பார்க்காத பிள்ளையும் மலை பார்க்காத பிள்ளையும் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டி வரும்போது, தெளிவாக எழுத வேண்டிய அவசியம் தானாகவே வந்துவிடும்.

தடைகள் பெரியவை. சின்னப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பதுதான் நடப்பு. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஒருவரே எல்லாம். பதிவேடும் செயலியில் ஏற்றும் வேலையும் ஆசிரியரின் நேரத்தைத் தின்கின்றன. மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குப் பெற்றோர் மலையிறங்கிப் போகும் மாதங்களில் பிள்ளைகளும் கூடப் போவதுண்டு, அல்லது ஆயாவிடம் விடப்படுவதுண்டு. அப்படி நின்று நின்று வரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தின் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. சொந்த அனுபவத்தை எழுதும் வகுப்பில் அந்த அறுப்பு இல்லை. போன இடத்தைப் பற்றி எழுத அந்தப் பிள்ளையிடம்தான் அதிகம் இருக்கும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் எழுத்து அறிமுகத்துக்கும் வாசிப்புக்கும் காட்டும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் காட்டலாம். பயிற்சிக்கு வரும் ஆசிரியரே ஒரு பக்கம் சொந்தமாக எழுதி, சக ஆசிரியர்களுக்குப் படித்துக்காட்டி, திருத்தி எழுதிப் பார்த்தால் பிள்ளையின் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

வாரத்தில் ஒரு பாடவேளை, ஆளுக்கு ஒரு நோட்டு, அதில் மதிப்பெண்ணும் சிவப்பு மையும் கிடையாது என்று ஒரு தலைமை ஆசிரியர் முடிவெடுக்க மேலிடத்து ஆணை தேவையில்லை. ஐந்தாம் வகுப்பின் ஆண்டு இறுதியில் துறை ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: உனக்குத் தெரிந்த ஒன்றை, அது தெரியாத ஒருவருக்கு ஐந்து வரியில் எழுது. விடைக்குறிப்பு இல்லாத கேள்வி. அந்த நோட்டுகளைப் பழைய தாள் கடைக்குப் போடாமல் பள்ளியிலேயே வைத்திருந்தால், மாறுதலில் புதிதாக மலையேறி வரும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே எடுத்துப் படிக்கலாம்: எந்தப் பிள்ளையின் அப்பா எந்த மாதம் ஊரில் இல்லை, யார் வீட்டில் மரவள்ளி போட்டிருக்கிறார்கள், யாருக்கு எந்தப் பாதையில் வர பயம், யார் கொம்பை இன்னும் விட்டுவிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.